தில்லை அக்கா கொடுத்த பத்து நிமிடம்

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது. "அண்ணே, நீங்க போயிடுங்க" என்பது அது. சொல்லும்படி என்னைக் கேட்டவர் நம் நாடகக் குழுச் செல்வம். அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டியவர் தனபாலன் அண்ணன். கிள்ளானில் தில்லை அக்காவின் வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு அவர் வெயிலில் நின்றிருந்தார். கையில் ஒரு மாலை. உள்ளே முன்னறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள்.

அக்கா இறந்த செய்தி அன்று காலை என் அலுவலகத் தொலைபேசியில் வந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லையாம். செல்வம் அழுதுகொண்டே சொன்னார். நான் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டச்சு இயந்திரத்தில் பாதியில் இருந்த கடிதத்தை முடித்தேன். பிறகு கிள்ளான் பஸ் ஏறினேன். அழுகை பாதி வழியில் வந்தது.

நம் நாடகக் குழுவில் இருந்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னால் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தில்லைநாயகி போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சுருக்கெழுத்தாளராக இருந்தார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். தன் பெயரைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால், "எங்கப்பா என்னைக் கேட்டா வச்சாரு?" என்பார். மணமாகாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் வருவார். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த நம் அறையில் ஒத்திகை பார்ப்பார், திட்டுவார், எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கித் தருவார்.

நான் குழுவில் சேர்ந்த புதிதில் ஒரு சம்பவம். ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னால், மரத்தடியில் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில் இருந்தது. ஒரு நாள் விடிந்து பார்த்தால் சிலை உடைந்து கிடந்தது. யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், தெருவே கொதித்துப் போயிருந்தது. அன்று ஒத்திகையில் செல்வம், "ஒரு சாமி குறைஞ்சிச்சி, நமக்கு ஒரு வேலை மிச்சம்லா" என்றார். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"கேள்வி கேக்கறவன் பகல்ல வருவான், பேர் சொல்லிக் கேப்பான். இது ஆள் இல்லாத நேரம் பாத்து வந்த சுத்தியல். இது நம்ம பக்கம் இல்ல, செல்வம்" என்றார்.

ஒத்திகையை நிறுத்திவிட்டு எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். கோயிலைப் பார்த்துக்கொண்டவர் தனபாலன் அண்ணன். லோரி ஓட்டுபவர், அந்த வட்டாரத்துப் பக்தர் இளைஞர்களுக்குத் தலைவர் மாதிரி. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்தது. வேடிக்கை பார்க்க வந்தீங்களா என்று கேட்டார். அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளைக் கூட்டத் தொடங்கினார். கும்பிடவில்லை. திரும்பி வரும்போது செல்வம் விடாமல் கேட்டார், சாமி இல்லை என்கிறீர்கள், செருப்பை மட்டும் ஏன் கழற்றினீர்கள் என்று.

"அது சாமிக்கு இல்லலா. அந்த இடத்த தினமும் கூட்டுற அம்மாவுக்கு."

இதனால் தனபாலன் அண்ணன் எங்களோடு நட்பாகிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த ஆண்டு எங்கள் நாடகத்தை நிறுத்த வந்தவரே அவர்தான்.

அது நான் எழுதிய முதல் நாடகம். மகனுக்காகக் காவடி நேர்ந்துகொண்ட ஒரு தாய், மகன் இறந்த பிறகும் அந்த நேர்த்திக்கடனைச் செலுத்தப் போகிறாள். மலைப்படியில் பாதி ஏறி நின்று, முருகனைப் பார்த்து அவள் கேட்கிறாள்: "என் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்னிக்கு நீ எங்க போயிருந்தே?" அந்த வசனம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை.

நாங்கள் செய்த தவறு வேறு. எங்களைப் போன்ற கூட்டம் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அறையில் தொங்கியது கீழே சைக்கிள் கடைக்காரர் கொடுத்த சீன நாட்காட்டி. குதிரைப் பந்தயம் நடக்கும் நாள்களில் அதில் குட்டியாக ஒரு குதிரைப் படம் போட்டிருக்கும். கூட்டம் குறையக் கூடாதென்று, குதிரை இல்லாத ஒரு சனிக்கிழமையைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தோம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, வசனப் பிரதியைக் காட்டி போலீஸ் அனுமதியும் வாங்கி, சுவரொட்டியும் ஒட்டியாயிற்று. பஞ்சாங்கம் பார்க்கிறவர் எங்களில் ஒருவரும் இல்லை. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த சில நாள்களில் தைப்பூசம். ஊர் பாதி விரதத்தில் இருந்தது.

தனபாலன் அண்ணன் நான்கைந்து பேரோடு மாடிப்படி ஏறி வந்தார். மஞ்சள் வேட்டி, வாரக்கணக்கில் மழிக்காத தாடி. வசனம் எப்படியோ வெளியே போயிருந்தது. சாமியை ஏசுகிற வரியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பையன்கள் மேடையில் ஏறுவார்கள், அப்புறம் தான் பொறுப்பில்லை என்றார். விரத நாளாகப் பார்த்து வேண்டுமென்றே வைத்தீர்கள் என்றும் சொன்னார்.

அக்கா எழுந்து போய் நாட்காட்டியில் அந்தப் பக்கத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். மூலையில் பொடி எழுத்தில் தைப்பூசம் என்று இருந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, இது எங்க தப்புதான். குதிரைய பாத்தோம், மயில பாக்கல. விரதத்துல இருக்கறவங்கள சீண்டுற மாதிரி ஆயிடுச்சி. தேதிய மாத்திடறேன்."

"வசனம்?"

"வசனத்த மாத்த மாட்டேன்."

பிறகு அக்கா சொன்னார்: "நீங்களும் வாங்க. முழுசா பாருங்க. முடிஞ்சதும் அதே மேடையில, அதே சனத்துக்கு முன்னால, உங்களுக்குப் பத்து நிமிஷம். எங்கள என்ன வேணும்னாலும் ஏசலாம். நாங்க எந்திரிச்சி போக மாட்டோம்."

தனபாலன் அண்ணன் ஆட்களோடு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்த சண்டைதான் பெரியது. தேதியை மாற்றியதே தோல்வி என்றார் செல்வம். அனுமதி கையில் இருக்கிறது, போலீசில் சொல்லி அவர்களை உள்ளே வைக்கலாம் என்றார். இல்லையென்றால் கோயில் சுவரிலேயே சாமிகளைக் கிண்டல் செய்து படம் ஒட்டலாம், அப்போது புரியும் என்றார். அக்கா தேநீரை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"மேடையில ஏறி அடிச்சா போலீஸ கூப்பிடுவோம். பிடிக்கலன்னு வந்து சொன்னதுக்குக் கூப்பிட மாட்டோம். இன்னிக்கு அவர் வாயை அடைக்க போலீஸ் வந்தா, நாளைக்கு நம்ம வாய்க்கும் அதே வண்டிதான் வரும். சுவர்ல படம் ஒட்டுறது யாருக்குக் கேக்குற கேள்வி? ஒருத்தருக்கும் இல்ல. அது சும்மா காயப்படுத்துறது."

பட்டினி கிடப்பவனோடு சண்டைக்குப் போகக் கூடாது என்றும் சொன்னார். அது கொள்கையா வேடிக்கையா என்று அவரிடம் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. என் ஒரு வரிக்காக யாராவது அடிபட்டால் என்ன செய்வது? அடுத்த ஞாயிறு அக்காவைத் தனியாகப் பிடித்து, அந்த வரியை எடுத்துவிடலாம் என்றேன்.

"உனக்கே அது தப்புன்னு தோணுதா? இல்ல, பயமா இருக்கா?"

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். பயத்துக்காக அழிக்காத. தப்புன்னு தோணுற அன்னிக்கு நீயே அழிச்சிடு, நான் கேக்க மாட்டேன்."

தைப்பூசம் முடிந்து நாடகம் நடந்தது. தனபாலன் அண்ணனும் அவர் ஆட்களும் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். தனபாலன் அண்ணன் தாடி மழித்திருந்தார், வேல் குத்திய புண் கன்னத்தில் ஆறியும் ஆறாமலும் இருந்தது. தாய் படியில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டபோது, திரைக்குப் பின்னால் நான் மேடையைப் பார்க்கவில்லை, மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்தான். தனபாலன் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நாடகம் முடிந்ததும் அவர் மேடையேறினார். அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த அலாரம் கடிகாரத்தைப் பத்து நிமிடத்துக்குத் திருகி மேசைமேல் வைத்தார். தனபாலன் அண்ணன் எங்களை நன்றாகவே ஏசினார். படித்த திமிர் என்றார், நன்றி கெட்டவர்கள் என்றார். கடைசியில் குரலை உயர்த்தி, "சாமிய கேள்வி கேக்க நீங்கல்லாம் யாரு?" என்றார்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நெற்றி நிறையத் திருநீறு, பூசத்துக்குப் பால்குடம் எடுத்த அம்மா.

"நான் தெனமும் கேக்கறேனே தம்பி. அவன விட்டா நான் வேற யார கேப்பேன்?"

மண்டபம் சிரித்தது. அது செல்வத்தின் அம்மா. மகன் எங்களிலேயே பெரிய நாத்திகன், அம்மா இப்படி. தனபாலன் அண்ணன் ஒரு கணம் தடுமாறினார். பிறகு, "நீங்க கேக்கறது வேற, ஆன்ட்டி" என்றார். எப்படி வேறு என்று விளக்கத் தொடங்கினார். கடிகாரம் அடித்தது. அவர் நிறுத்தவில்லை. அக்கா அதை அணைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். மண்டபத்துக் காவல்காரர் விளக்கை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்த பிறகுதான் தனபாலன் அண்ணன் இறங்கினார். சொன்னபடி எங்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

அவர் மனம் மாறவில்லை, அக்காவும் மாறவில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவர் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் மட்டும் வரும். அக்கா ரசித்துச் சாப்பிடுவார். "அந்த மனுஷனோட கொள்கையில எனக்குப் பிடிச்சது ஏலக்காய்தான்" என்பார்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டுதான் அன்று அந்த வாசலில் நின்றேன். சடங்கு வேண்டாம் என்று அக்கா தன் கூடப்பிறந்த தம்பியிடம் எப்போதோ தெளிவாகச் சொல்லியிருந்தார். செமினியிலிருந்து வந்த அந்தத் தம்பி திருநீறு பூசுகிறவர், ஆனாலும் அக்கா சொன்னபடியே செய்தார். விளக்கு இல்லை, ஐயர் இல்லை. அதனால்தான் செல்வத்துக்குப் பதற்றம். "சாமிப் பாட்டு பாட வந்திருக்காரு. அக்காவுக்கு இதெல்லாம் ஆகாது. போகச் சொல்லு, நீ சொன்னா கேப்பாரு" என்றார் மறுபடியும்.

நான் போய்க் கதவைத் திறந்தேன். தனபாலன் அண்ணன் உள்ளே வரவில்லை.

"திருநீறு பூசுறதுக்கோ சடங்கு செய்யறதுக்கோ வரலம்மா. எனக்குத் தெரியும். ஒரே ஒரு பாட்டு, இங்கிருந்தே பாடிட்டு போயிடறேன். அவங்களுக்காக இல்ல, எனக்கு மனசு ஆறல."

நான் செல்வத்தைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "பத்து நிமிஷம், அண்ணே."

செல்வத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. தனபாலன் அண்ணன் வெயிலில் நின்றபடியே பாடினார். கரகரத்த குரல், சுருதி சேரவில்லை. யாரும் கூடப் பாடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாலையை என் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். அக்காவைத் தூக்கும்போது ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் செல்வமும் பிடித்தார்கள்.

அக்காவின் தம்பி என்னிடம் அந்த அலாரம் கடிகாரத்தைக் கொடுத்தார். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. தினமும் கொஞ்சம் பிந்தி ஓடுகிறது. அதைவிட முக்கியமாக நான் வைத்துக்கொண்டது அக்கா கேட்ட கேள்வியை. எதையாவது அடிக்கப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன், தப்பா, பயமா என்று. பெரும்பாலும் பயம்தான். வரி தப்பித்துவிடுகிறது.

சென்ற மாதம், பஞ்சாங்கம் பார்த்துத் தேதி குறித்து, அக்கா நினைவாக அந்த நாடகத்தை அதே மண்டபத்தில் மறுபடியும் போட்டோம். வசனம் அப்படியே இருந்தது. முடிந்ததும் தனபாலன் அண்ணன் பத்து நிமிடம் கேட்டார், கொடுத்தோம். கடிகாரம் அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்.