உட்காராத கோச்

உணவுக்கடைக் கதவருகே நின்றபடியே, எங்கள் ஊரில் பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற ரொட்டியை வெள்ளைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறார் வென்டெல் பிராதர். அவரைச் சுற்றி நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. "உட்காருங்களேன்" என்று கேட்பதைப் பரிமாறுகிற பெண் எப்போதோ நிறுத்திவிட்டாள். தேவாலயத்திலும் அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக நின்றுதான் ஜெபிப்பார். பள்ளி அணியின் ஆதரவாளர் சங்கத்தார் அவர் பெயர் தைத்த மடக்கு நாற்காலி ஒன்றை விழா எடுத்துக் கொடுத்தார்கள். அது பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் சாமான் அறையில் இருக்கிறது. கேட்டால், "உக்காந்தா ஆட்டம் நம்மள விட்டுட்டுப் போயிரும்" என்பார்.

கால்டர் வெல்ஸ் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் அவர். பெயர்தான் கால்பந்து, எங்கள் டெக்சாஸில் அதைக் கையால் ஆடுகிறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்கு வந்துவிடும். நான் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆட்ட நாளில் கோட்டோரமாகத் தூரம் அளக்கும் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஸ்டாண்டில் இருப்பவர்களுக்குக் கேட்காதது எனக்குக் கேட்கும்.

இந்த ஆட்டத்தில் எல்லாம் குவார்ட்டர்பேக் கையில்தான். பந்து முதலில் அவனிடம் வரும். அவனைக் கவிழ்க்க எதிரணித் தடியர்கள் பாய்ந்து வருவதற்குள், யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று அவன் முடிவெடுத்தாக வேண்டும். அந்த ஒருவனைத் தேர்ந்தெடுக்கத்தான் ஊர் வென்டெலுக்குச் சம்பளம் கொடுக்கிறது. தேர்ந்தெடுத்த பிறகு அதற்காகவே திட்டவும் செய்கிறது.

டிராக்டர் வியாபாரி ஜீன் வார்ட்லோதான் அதில் முதல் குரல். "யோவ் வென்டெல், என் தங்கச்சி மகன் டிரேஸ் எறிஞ்சா பந்து பக்கத்து ஊர்ல போய் விழுது. அவனை ஓரங்கட்டிட்டு அந்தப் பொடிப்பய ரூடியை ஆட விடறியே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"கழுதைக்கும் பலம் இருக்கு ஜீன். நான் என்ன வண்டியா இழுக்கப்போறேன்?"

வென்டெல் பார்ப்பது வேறு. ஒரு பையன் எறியும்போது கையைப் பார்க்கமாட்டார், பாதத்தைப் பார்ப்பார். அவன் பேசும்போது அவனை விட்டுவிட்டு மற்றவர்களின் முகத்தைப் பார்ப்பார். "இவன் வாயைத் திறந்தா நம்ம தடியனுங்க தின்றதை நிறுத்தறானுங்களா? அவ்வளவுதான்யா விஷயம்."

அந்த இடத்துக்குப் போட்டியிடும் பையன்களுக்கு ஆகஸ்ட் வெயிலில் ஒரு பரீட்சை வைப்பார். தன் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டு ட்ரெய்லரைப் பூட்டி, இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே பின்னோக்கி ஓட்டி நிறுத்தச் சொல்வார். சுற்றிலும் அணியின் தடியர்கள் நின்று, ஒருத்தன் இடது என்றும் ஒருத்தன் வலது என்றும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அது அவர் உத்தரவு. டிரேஸ் எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டுப் பீப்பாயை நசுக்கினான். ரூடி எஸ்பார்சா வண்டியை நிறுத்தி இறங்கினான், பின்னால் போய்ப் பார்த்தான், மறுபடி ஏறி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் உள்ளே விட்டான். இறங்கும்போது, "நல்லா வழி காட்டினீங்கடா, உருப்படுவீங்க" என்றான். தடியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வென்டெல் சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். ஜீனின் மருமகனுக்கு இடம் போனது அந்த நிமிஷத்தில்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்திருந்த லட்சணம் ஒன்று உண்டு. "அடிபட்டு விழுந்து எந்திரிக்கறவன் வாயில மொத வார்த்தை என்ன வருது பாரு. 'அவன் சரியா தடுக்கல'ன்னா அவன் வேணாம். 'நல்லாருக்கேன், அடுத்தது என்ன?'ன்னா அவன்தான் நம்ம ஆளு." ரூடி ஒரு தடவைகூட வேறு வார்த்தை சொன்னதில்லை. நவம்பர் வருவதற்குள் ஜீனே அவன் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு திரிந்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வெற்றி வந்தால் அது தானே பாட்டை மாற்றிக்கொள்ளும்.

வெளியேற்றுச் சுற்றின் முதல் ஆட்டம், தோற்றால் அந்த வருஷம் அதோடு சரி. இந்தச் சுற்றைத் தாண்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பள்ளிக் குழு வென்டெலிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் நாங்கள் நாலு புள்ளி பின்னால்; எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஒரு தடவை பந்தைச் சேர்த்தால் ஆறு கிடைக்கும். பந்து எங்கள் கையில். ரூடி எறிந்து முடித்த நொடியில் ஒருவன் மோத, மல்லாந்து விழுந்தான். பின்மண்டை தரையில் இடித்த சத்தம் என் காதுக்கு வந்தது.

எழுந்துவிட்டான். ஸ்டாண்டே கை தட்டியது. உடம்பைத் தட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, கூடி நின்ற எதிரணிக்காரர்கள் நடுவில் போய் நின்றான். எங்கள் தடியன் ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தான். வேடிக்கை என்று நினைத்து நிறையப் பேர் சிரித்தார்கள்.

வென்டெல் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். ரூடி ஓடி வந்தான். "நல்லாருக்கேன் சார். அடுத்தது என்ன?"

"எதிர்ல யாருடா ஆடறாங்க?"

"நல்லாருக்கேன் சார்."

"அது கேக்கல. எந்த ஊர்க்காரங்க?"

ரூடி ஊர்ப் பெயரைப் பளிச்சென்று சொன்னான். அது போன வாரம் நாங்கள் எதிர்த்து ஆடிய ஊர்.

"ஹெல்மெட்டைக் கழட்டு."

"சார், நாலு பாயிண்ட்தான் சார். என்னை எடுக்காதீங்க சார், கெஞ்சிக் கேக்கறேன்."

வேலிக்குப் பின்னாலிருந்து ஜீன் கத்தினார். "யோவ், அவன்தான் நல்லாருக்கேன்னு சொல்றான்ல! டிரேஸை எறக்கிக் காரியத்தைக் கெடுக்காதய்யா!"

"பொய் சொல்றான்" என்றார் வென்டெல், திரும்பாமல். "நான் பழக்கினது."

அணியின் டாக்டர் விளக்கை அடித்து ரூடியின் கண்ணைப் பார்த்தார். அவன் தலையை ஒருபக்கமாகத் திருப்பி, வென்டெல் கையிலிருந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இல்லாமல் யாரும் களத்தில் இறங்க முடியாது. டிரேஸ் உள்ளே ஓடினான். எல்லோருடைய கண்ணும் அவன் பின்னால் போன நேரம் பார்த்து, ரூடி டாக்டரின் கையை உதறிவிட்டு வந்து ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்து இழுத்தான். "கொடுங்க சார். ஒரே ஒரு தடவை சார்." அழுதுகொண்டிருந்தான்.

வென்டெல் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். ஹெல்மெட்டைக் கோட்டோரப் புல்லில் கவிழ்த்து வைத்தார்.

களத்தில் டிரேஸ் பந்தை எறிந்தான். அது உயரே போனது. ஸ்டாண்டு முழுக்க எழுந்தது, ஓரத்தில் இருந்த பையன்கள் அத்தனை பேரும் கோட்டை நோக்கி முண்டியடித்தார்கள், நானும் சங்கிலியோடு எக்கினேன். பின்னால் திரும்பிப் பார்த்தபோது, எங்கள் முதுகுகளைத் தவிர வேறெதுவும் தெரியாத இடத்தில், நீட்டிய கையோடு நின்ற ரூடிக்கு முன்னால், வென்டெல் பிராதர் அந்த ஹெல்மெட்டின்மேல் உட்கார்ந்திருந்தார்.