கடைசி ஆட்ட நாளில் வைத்த கலியாணம்

இந்த நாட்டில் வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய விஷயத்தை வானொலிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கிறார்கள். மாமியார் வந்தால் எத்தனை நாள் வைத்திருக்கலாம், பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் என்ன செய்யலாம், எல்லாவற்றுக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. கேட்கிறவன் பெயர் சொல்லுகிறான், ஊர் சொல்லுகிறான், வெட்கப்படுவதில்லை. வந்த புதிதில் இவர்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லையாக்கும் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் கேட்பதில்லை.

பிராங்பேர்ட்டுக்கு வெளியே, ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கிற ஒரு பெரிய சலவைச்சாலையில் எனக்கு வேலை. இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கேட்பதற்காக வானொலியை உச்சத்தில் வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் விளையாட்டு நிகழ்ச்சி. இரண்டு ஆண்கள் இருந்து அடுத்த நாள் நடக்கப்போகும் உதைபந்தாட்டத்தைப் பற்றி அலட்டுவார்கள். ஒருவன் கிழவன், குரல் கரகரக்கும். மற்றவன் இளையவன், எதற்கும் சிரிப்பான். என்னுடைய ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, இவர்களிடம் படித்தது. அன்ட்ராக் என்றால் விண்ணப்பம் என்று விளங்குவதற்கு முன்னமே அப்சைட்ஸ் என்றால் ஆட்டத்தில் ஓப்சைட் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து அணி அந்த வருடம் தோற்றுத் தோற்று அட்டவணையின் அடியில் கிடந்தது. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும்.

அந்தக் கடைசி ஆட்டத்தின் சனிக்கிழமையில்தான் என் தங்கச்சி வசந்தியின் கலியாணம். நான் வேண்டுமென்று வைக்கவில்லை. ஐயர் மூன்று நாள் குறித்துத் தந்தார். இரண்டு நாளுக்கு மண்டபம் இல்லை. மூன்றாவது நாளுக்கு உடனே தந்தார்கள். மே மாதத்துச் சனிக்கிழமையில் ஒரு மண்டபம் ஏன் சும்மா கிடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை. நாங்கள் ராகுகாலம் பார்த்தோம், மரணயோகம் பார்த்தோம். உதைபந்தாட்ட அட்டவணையை யார் பார்த்தது?

அப்பா இல்லை. அம்மா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தா. விசா கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அம்மாவுக்கு இந்தக் கலியாணம் என்றால் அது வீடியோ கசெட்தான். வீடியோ எடுக்கிற குணம் அண்ணை வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, பொம்பிளை வீட்டுப் பக்கத்து முன்வரிசை நிரம்பவேணும். காலியா இருந்தா கமராவிலை பல்லு விழுந்த வாய் மாதிரித் தெரியும். கொம்மா வேறை ஒண்டையும் பாக்கமாட்டா, அதைத்தான் பாப்பா."

உண்மைதான். தாரை வார்க்கப் பேர்லினிலிருந்து தூரத்து மாமாவும் மாமியும் வந்தார்கள், அவர்கள் மணவறைக்குள். மற்றச் சொந்தங்களில் பாதிப் பேருக்கு அகதி வழக்கு முடியவில்லை, தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே வர அனுமதி இல்லை. முன்வரிசைக்கு மதிப்பான ஆட்கள் வேண்டும். சலவைச்சாலை மேற்பார்வையாளன் யூர்கனையும் மனைவியையும் அதற்குத்தான் கூப்பிட்டேன். ஐம்பது வயது, நல்ல உடம்பு, நரைத்த மீசை. பார்த்தால் பெரியவர் என்று தெரியும்.

ஊரில் கலியாணத்துக்குச் சொல்லப் போனால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. கதைபேச்சு இல்லாத வீட்டுக்காரனும் "கட்டாயம் வருவம்" என்பான். வரமாட்டான் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நல்ல காரியத்தின் வாசலில் வைத்து இல்லையென்ற சொல்லைச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். யூர்கன் கார்டை வாங்கித் திகதியைப் பார்த்தான், முகம் மாறியது.

"எத்தனை மணிக்கு முடியும்?" என்றான்.

"நீ எப்போது வேண்டுமானாலும் வா, எப்போது வேண்டுமானாலும் போ" என்றேன். எங்கள் ஆட்களுக்கு அதைவிட மரியாதையாக ஒன்றும் சொல்ல முடியாது. அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

கலியாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, வானொலியில் கடைசி நாளைப் பற்றித்தான் கதை. அதில் கலியாணம் வந்து சேர்ந்தது. ஒரு பெண் தொலைபேசி எடுத்து, தன் மாப்பிள்ளை தேவாலயத்துக்குள் வானொலி கொண்டுவரக் கேட்கிறான், விடலாமா என்றாள்.

"கடைசி ஆட்ட நாளில் கலியாணம் வைக்கிறவள் விருந்தாளிகளை மதிக்காதவள்" என்றான் கிழவன்.

"கலியாணமும் அப்படித்தான். தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் உள்ளே போகிறார்கள்" என்றான் இளையவன்.

விரிப்பு மடிக்கிற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த குரல் யூர்கனுடையது. கண்ணாடிக்குப் பின்னால் அலுவலக அறையில், என் கண்ணுக்கு முன்னால், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னுடன் வேலை செய்கிற இலங்கைக்காரன் தங்கச்சியின் கலியாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். நாளைக்கு. நாலு மணித்தியாலம் நடக்குமாம்."

"நாலா? மேலதிக நேரமும் சேர்த்தா?"

"தெரியாது."

"பியர் இருக்கிறதா?"

"இல்லை."

"இறைச்சி?"

"அதுவும் இல்லை."

"சிவப்பு அட்டை!" என்று கத்தினான் இளையவன். சலவைச்சாலை முழுக்கச் சிரிப்பு. இப்போது நான் சிரிக்கவில்லை.

"முன்வரிசையில் இருக்கச் சொல்கிறான்" என்றான் யூர்கன். "தாய் வர முடியாது. படம் பிடித்து அனுப்பப் போகிறார்கள். அவள் பார்ப்பதற்கு."

இளையவனின் சிரிப்பு நின்றது. பிறகு கிழவன் தொண்டையைச் செருமினான். "அப்படியென்றால் நீ போகிறாய். சின்ன வானொலி, ஒரு காதில் மட்டும், கமரா இல்லாத பக்கத்துக் காதில். வாழ்த்துச் சொல்." உடனே சோபா விளம்பரம் போட்டார்கள்.

கையில் இருந்த ஈர விரிப்பை அவன் முகத்தில் எறியலாம் போல இருந்தது. அறைக்குள் போய்க் கேட்டேன்.

"என் அம்மாவின் கதையை ஊருக்கெல்லாம் ஏன் சொன்னாய்?"

"உன் பெயரைச் சொல்லவில்லையே."

"இங்கே இலங்கைக்காரன் நான் ஒருத்தன்தான்."

"உன்னிடம்தான் முதலில் கேட்டேன். எப்போது வேண்டுமானாலும் வா, போ என்றாய். அது ஒரு பதிலா? மனிதன் எப்படி முடிவெடுப்பது?" அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "சரி, நாங்கள் வருகிறோம். கார்டில் போட்ட நேரத்துக்கு."

வராதே என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கொடுத்த அழைப்பைத் திருப்பி வாங்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. முன்வரிசைக்கு வேறு ஆளும் இல்லை.

கார்டில் மூன்று மணி என்று போட்டிருந்தோம். எங்கள் ஆட்களுக்கு அதன் பொருள் நாலரை. மூன்று மணிக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் ஐயர், சமையல்காரர், யூர்கன், யூர்கனின் மனைவி. அவன் கன்னங்கரேலென்ற கோட்டு சூட்டில் வந்திருந்தான். இவர்களுக்குக் கலியாணத்துக்கும் சாவுக்கும் ஒரே உடுப்பு. குணம் அண்ணை தலையில் கை வைத்தார்.

"ஐயோ, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருக்கிறார். கொம்மா பாத்தா நெஞ்சு வெடிச்சுப்போம். உந்தக் கறுப்பை மூடுங்கோ."

மாமாவின் பட்டுச் சால்வை ஒன்றை எடுத்து அவன் தோளில் போட்டு இறுக்கிவிட்டார். யூர்கன் அதை மரியாதை என்று நினைத்து எழுந்து நின்று குனிந்தான். வலது காதில் ஒரு கறுப்பு வயர் தெரிந்தது.

பிறகு எங்கள் ஆட்கள் வந்தார்கள். "ஓம், கட்டாயம் வருவம், முன்னுக்கே இருப்பம்" என்று சொன்னவர்கள் எல்லோரும் வந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கார் தரிப்பிடத்தோடு நின்றுவிட்டார்கள். காரின் கதவுகளைத் திறந்துவைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்டம் கேட்டார்கள். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகாதவனும் "எங்கடை அணி" என்கிறான். பெண்கள் உள்ளே வந்து வழக்கப்படி பின்வரிசைகளில் நெருங்கி இருந்தார்கள். கடைசியில் நான் சமையலுக்கு உதவ வந்த இரண்டு அக்காமாரைக் கை கழுவச்செய்து யூர்கனுக்குப் பக்கத்தில் இருத்தினேன். முன்வரிசை ஒருவாறு நிரம்பியது. ஐயர் இழுத்த இழுவையில் தாலி கட்ட ஐந்து மணி தாண்டிவிட்டது.

கசெட் கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் போனது. சில வாரம் கழித்து அம்மா தொலைபேசியில் வந்தா.

"மோனை, முன்வரிசையிலை சால்வையோடை இருந்த அந்த வெள்ளைக்காரர் ஆர்?"

"என்ரை வேலையிடத்துப் பெரியவர், அம்மா."

"தாலி கட்டேக்கை எப்பிடி அழுதவர்! கமரா அவரிலைதான் நிண்டது. லொட்ஜிலை பாத்த சனமெல்லாம் கண்ணைத் துடைச்சதுகள். கொப்பர் இருந்திருந்தாலும் அப்பிடித்தான் அழுதிருப்பார். பிள்ளை ஆருமில்லாமல் நிக்கப்போறாளெண்டு நான் ஏங்கிக்கொண்டிருந்தனான். இனி எனக்குப் பயமில்லை."

அணி அந்த நிமிடத்தில்தான் கீழே இறங்கியது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

"நல்ல மனுசன், அம்மா" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை யூர்கனிடம் இதைச் சொன்னேன். அவன் வெகுநேரம் ஒரு விரிப்பின் மூலையை நீவிக்கொண்டு நின்றான்.

"ஆட்டத்துக்கு அழுதேன் என்று சொன்னாயா?"

"இல்லை."

"சொல்லாதே." கொஞ்சம் போய்த் திரும்பி வந்தான். "உன் தங்கச்சியும் அழகாகத்தான் இருந்தாள்."

எங்களிடம் ஒரு பிரதி இருக்கிறது. அண்மையில் அதைப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். கெட்டிமேளத்தில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். மாப்பிள்ளையின் கை தங்கச்சியின் கழுத்தில். ஐயர், மாமா, மாமி, எல்லோரும் தாலியைப் பார்க்கிறார்கள். பெண்ணின் அண்ணன் என்பதால் தோழனாகத் தலைப்பாகை கட்டி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் நான். என் ஒரு கை மாப்பிள்ளையின் முதுகில் இருக்கிறது. கண் முன்வரிசையில் அழுகிறவன் மேல். மற்றக் கை இடுப்புக்குக் கீழே, ஐயருக்குத் தெரியாத இடத்தில், விரல்களை விரித்து எத்தனைக்கு எத்தனை என்று கேட்கிறது.