முள் ஐம்பதைத் தாண்டவில்லை

1952ஆம் ஆண்டு மே 18, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. இலை அசையாத கத்தரி வெயில். விழுப்புரம் சாலையில் வளவனூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் காரின் எஞ்சின் இறுகி நின்றது. எனக்குப் பத்து வயது ஏழு மாதம். அதை நினைத்தால் இந்த அறுபத்து நான்கு வயதிலும் எனக்குக் கோபம் வருகிறது.

எஞ்சின்மீது எனக்குக் கோபம் இல்லை. நல்ல எஞ்சின் அது. நான்கு சிலிண்டர், பக்க வால்வு, 1172 சிசி, முப்பது குதிரைத் திறன். தண்ணீர் பம்ப்கூடக் கிடையாது. சூடான நீர் தானே மேலேறி ரேடியேட்டரில் ஆறிக் கீழே இறங்கும். கெட்டுப்போகச் சாமான் குறைவு என்பதால் கெடுவதும் குறைவு. துணிக்கடை வைத்திருந்த அப்பா அதை மதராஸில் ஒரு வெள்ளைக்காரரிடம் பழையதாக வாங்கினார். ஐந்து வருடத்தில் அது வழியில் நின்றது இரண்டே முறை. இரண்டும் பஞ்சர்.

அந்த ஏப்ரலில்தான் அது புகை கக்கத் தொடங்கியது. ஊர் மெக்கானிக் சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, நான்கு புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். புதுப் பிஸ்டன் சிலிண்டரோடு பழகும்வரை மெதுவாக ஓட்டவேண்டும். பிரெஞ்சுக்காரரிடம் தொழில் கற்றவர் என்பதால் அதைப் பிரெஞ்சில் ஒரு சீட்டில் எழுதித் தந்தார்: முதல் ஆயிரம் வரை ஐம்பதைத் தாண்டக் கூடாது. ஆயிரம் என்ன? ஐம்பது என்ன? எழுதவில்லை. எழுதத் தோன்றாது அவருக்கு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊரில் அப்போது தூரத்துக்கு ஒரே அளவுதான் இருந்தது.

அப்பா சீட்டை மாமாவிடம் கொடுத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பிரெஞ்சுப் பள்ளியில் தேறியவர், அதை ஒரு நாளும் மறக்க விடாதவர். வண்டியை ஓட்டுபவர் பாய். சண்டைக்காலத்தில் இங்கிலீஷ்காரன் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். படிப்பு இல்லை. மாமாவைப் பிரெஞ்சு வழக்கப்படி ‘முசியே’, அதாவது ஐயா, என்பார். எண்களை எண்ணுவதில் நான் கெட்டிக்காரன் என்பதால் அப்பா என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, வேகம் காட்டும் முள் ஐம்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு ஏதோ அரசாங்க உத்தியோகமே கிடைத்துவிட்டதுபோல் இருந்தது.

அன்று மாமா விழுப்புரத்தில் மதராஸ் ரயிலைப் பிடிக்கவேண்டும். எல்லைச் சாவடியில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக உதறிப் பார்த்ததில் முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. சாவடியைத் தாண்டியும் பாய் முப்பதிலேயே உருட்டினார். மாமா பொறுக்கமாட்டாமல் சீட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“அம்பதுன்னு எழுதியிருக்கான்யா. முப்பதுல போனா நான் நாளைக்குத்தான் போய்ச் சேருவேன்.”

“முப்பதே ஜாஸ்தி முசியே. சத்தம் கேக்குது பாருங்க, மூச்சு முட்டுது அதுக்கு.”

“உன் காதுக்கு என்ன, சர்டிபிகேட்டு குடுத்திருக்கானா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். முள் நாற்பத்தெட்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஆடிக்கொண்டு போனது. ஐம்பதைத் தொட்டதே தவிர தாண்டவில்லை. கைக்கடிகாரம் மாமாவினுடையது, சாலையோரக் கல்லை எண்ணியது நான்: ஒன்பது நிமிடத்தில் ஏழு கல். பிறகு இரும்பை இரும்பால் இழுத்ததுபோல் ஒரு கிறீச்சல். வண்டி முன்னால் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பாய் கீழே இறங்கி, பானெட்டில் கை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார்.

மாமா ரயிலைப் பிடிக்கவில்லை. காரை ஒரு மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் வந்தோம். மறுநாள் சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் அப்பா விசாரித்தார். தான் எவ்வளவு சொல்லியும் கேளாமல் பாய் அறுபதுக்கு விரட்டினார் என்று மாமா கூசாமல் சொன்னார். அப்பா பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார்.

“நான் என்னாத்த சொல்றது மொதலாளி. முள்ளையே பாத்துனு வந்துச்சு தம்பி. தம்பி சொல்லட்டும்.”

நான் மாமாவுக்குப் பயந்து பொய் சொன்னேன் என்றால் மன்னிக்கலாம். அப்படி இல்லை. பத்து வயதில் நான் யோசித்தேன். ஐம்பதில் போனால் எஞ்சின் கெடாது, சீட்டில் எழுதியிருக்கிறது. எஞ்சின் கெட்டுவிட்டது. ஆகவே ஐம்பதில் போயிருக்க முடியாது. என் கண்தான் எங்கேயோ தப்பியிருக்கிறது. தப்பியது தெரிந்தால் என் உத்தியோகம் போய்விடும்.

“அறுவது” என்றேன்.

பாய் என்னைத் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார். அதோடு விட்டாரா? கார் வைத்திருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவைத்தார். அப்போது ஊரில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஒருவரும் பாயிடம் சாவி கொடுக்கவில்லை. அவர் சைக்கிளில் ரொட்டி விற்கத் தொடங்கினார்.

எனக்குப் பதினைந்து வயதானபோது பள்ளியில் மைலைக் கிலோமீட்டராக மாற்றும் கணக்கு போட்டார்கள். மூன்றாவது கணக்கைப் பாதியில் விட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஏழு கல்லைப் போட்டுப் பார்த்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் நான் எண்ணியது மைல் கல். ஒன்பது நிமிடத்தில் ஏழு மைல் என்றால் மணிக்கு ஏறக்குறைய நாற்பத்தேழு மைல், கிட்டத்தட்ட எழுபத்தைந்து கிலோமீட்டர். அது வெள்ளைக்காரன் கார். அதன் முள் காட்டியது மைல். மெக்கானிக்கின் ஐம்பது கிலோமீட்டர் என்பது அந்த முள்ளில் முப்பத்தொன்று. பாய் காதால் கேட்டுச் சொன்ன அதே முப்பது. படித்த நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து அந்த எஞ்சினைக் கொன்றோம்.

அன்றே போய்ச் சொன்னேனா? இல்லை. மாமாவிடம் மட்டும் சொன்னேன். பழசைக் கிளறாதே என்றார். பாய் தினமும் காலை ஆறே காலுக்கு எங்கள் தெருவில் மணி அடித்துக்கொண்டு போவார். நான் ரொட்டி வாங்குவேன், சில்லறையைச் சரிபார்ப்பேன், உள்ளே வந்துவிடுவேன். பதினோரு வருடம் இப்படி. பிறகு மணிச் சத்தம் நின்றுவிட்டது.

போன மாதம், 2005 நவம்பரில், மாமாவின் கருமாதி. பந்தியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், அறுபதுக்கு விரட்டி எஞ்சினை உடைத்த டிரைவரின் கதையை மாமா எப்படிச் சொல்லிச் சிரிப்பார் என்று நடித்துக் காட்டினார். பந்தியே சிரித்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்து, வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

பாயின் மகள் முல்லா வீதியில் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் வாசலில் நின்றபடியே முழுவதையும் சொன்னேன்; மைல், கிலோமீட்டர், கல் எல்லாவற்றையும். முடிந்ததும் அவர் உள்ளே திரும்பி ஃபேனைப் போட்டுவிட்டு வந்தார்.

“அத்தா மவுத்தாவுற வரைக்கும், உசுரு போற அன்னிக்குக்கூட, அதையேதான் சொல்லினு இருந்துச்சு. முள்ளு அம்பதைத் தாண்டலன்னு. நாங்கதான் நம்பல. மொதலாளி வூட்டுப் புள்ள, படிக்கிற புள்ள, அது எதுக்குப் பொய் சொல்லப்போவுதுன்னு அம்மாவே அத்தாகிட்ட சண்டை போடும்.”

வேலையைப் பறித்தேன் என்றுதான் இவ்வளவு நாள் எண்ணியிருந்தேன். ஒரு சொல் அடுத்த தெருவுக்கும் நடந்து போகும், ஒருவருடைய வீட்டுக்குள்ளும் நுழைந்து உட்காரும் என்பது அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. அறுபது வயதுக்குப் பின்னும் அவனுக்குத் தெரியவில்லை.

ஆட்டோவுக்குப் போக முப்பது, வர முப்பத்தைந்து. உண்மையைச் சொல்ல எனக்கு ஆன செலவு மொத்தம் அறுபத்தைந்து ரூபாய்.