பல்லாவரம் சந்தையில் போணிக்கு முன்னால் படம் எடுக்கப் போனோம்

என் பேத்தி பெனிட்டா எடுத்த முதல் குறும்படத்தை அவள் காலேஜ் சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எல்லாரும் பொம்மை மாதிரி நிக்கறாங்க" என்றாராம். திங்கட்கிழமைக்குள் வேறு படம் கொடுக்காவிட்டால் டைரக்‌ஷன் பிரிவில் அவளுக்கு இடமில்லை. அதனால்தான் போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் புறப்பட்டோம். கதை இரண்டே நிமிடம்: ஒரு கிழவி பழைய கடிகாரம் வாங்குகிறாள். கிழவி நான்தான்.

தாம்பரத்தில் காலை 6.40 லோக்கல். டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். நடுவில் இரண்டே ஸ்டேஷன், ஏழு மணிக்குள் இறங்கிவிட்டோம். சீக்கிரம் போனால் கூட்டமில்லாமல் எடுக்கலாம் என்று பெனிட்டா நினைத்தாள். நானும் ஆமாம் என்றேன். அங்கேதான் தப்பு செய்தோம்.

தார்ப்பாய் விரித்துக் கடிகாரங்களை அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரரிடம் கேட்டோம். "சினிமாவா? எடுத்துக்கோம்மா" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் ஒரு அலாரம் கடிகாரத்தை எடுத்து, சொல்லிவைத்தபடி நூற்றைம்பது ரூபாயை நீட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"கட்! பாட்டி, நீ கேமராவையே பாக்கற. இன்னொரு வாட்டி. அண்ணா, அந்தக் காச குடுங்க."

"இன்னாம்மா வெளாட்றியா? இன்னிக்கு மொத வியாபாரம், போணி காசு. திருப்பிக் குட்தா நாள் பூரா பேஜாராப் பூடும்."

"இது நடிப்புண்ணா!"

"உனுக்கு நடிப்பு. எனுக்குப் பொழப்பு. இன்னும் நாலு வியாபாரம் ஆவட்டும், அப்பால ஆயா எத்தினி வாட்டி வேணா நடிக்கட்டும்."

பக்கத்துக் கடைகளிலும் இன்னும் போணியாகவில்லை. பெனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். டீ பதினைந்து ரூபாய், சுமார்தான்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வேறு வேலை இல்லாததால் அவள் வேடிக்கை பார்த்தாள். நிஜமாக வாங்க வந்த யாரும் என்னைப் போல எடுத்த கையோடு பணம் நீட்டவில்லை. கடிகாரத்தைக் காதில் வைத்தார்கள், விலையைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள், நாலடி நடந்தார்கள். கடைக்காரர் உடனே கூப்பிடவில்லை. வேறொன்றைத் துடைத்தபடி ஓரக்கண்ணால் அவர்கள் காலையே பார்த்தார். கால் தயங்கியதும், "சரி, வா வா" என்றார். பெனிட்டா நோட்டில் எழுதிவைத்திருந்த ஷாட்டையெல்லாம் கோடு போட்டு அடித்தாள்.

நாலாவது வியாபாரம் ஆனதும் என்னிடம் வந்தாள். "பாட்டி, நடிக்காத. அந்தச் சுவர்க்கடிகாரத்துக்கு நெஜமாவே பேரம் பேசு."

அது எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? "முந்நூறா? முள்ளே ஆடுது!" என்று ஆரம்பித்தேன். கடைக்காரரும் விடவில்லை. "ஆயா, உன் வயசுக்கு நீயே ஆட்ற, முள்ளு ஆடாதா?" மூன்றே தடவையில் எடுத்து முடித்தாள். அப்போது மணி ஒன்பதரை.

திங்கட்கிழமை சார் படத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாராம். "அந்தக் கடைக்காரர் எந்த நாடகக் குழு?" என்று கேட்டாராம். டைரக்‌ஷனில் இடம் கிடைத்துவிட்டது.

படம் எடுக்கப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஒன்பது மணிக்கு மேல் கேமராவை எடுங்கள். அதற்கு முன்பே போய்ச் சும்மா உட்காருங்கள். குடிதண்ணீரும் குடையும் அவசியம்.

படத்தில் என் முகம் ஒரு இடத்திலும் இல்லை. தயங்கி நிற்கிற இரண்டு கால்கள்தான். "சாரி பாட்டி" என்றாள்.

"போடி, உங்க சாரையே ரெண்டு தடவ பாக்க வச்ச காலுடி இது" என்றேன்.