தோட்டத்துப் பிள்ளைக்கு ஒதுக்கிய இடம்

ஆசிரியப் பயிற்சியில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற செய்தி இலங்கை மலையகத்தில் எங்கள் திம்புள்ளப் பக்கம் வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். ஒரு இடம் எனக்கே என்று பத்து நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

டவுனில் நாங்கள் சாமான் வாங்கும் கடை முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. அவர் மகனும் மனுப் போட்டிருந்தான்.

"பரீட்சையில கூடப் புள்ளி எடுத்தவனுக்கு இடம் குடுக்கிறதுதானே நியாயம்? இது என்னப்பா, பந்திக்கு முந்துற கதை?"

அப்பாவுக்கு வாய் நீளம். "ஒங்க மகன் கரண்டு வெளிச்சத்துல படிச்சாரு. எம்மக கொழுந்து எடுத்துட்டு வந்து குப்பி வெளக்குல படிச்சா. ரெண்டு பேரு புள்ளியையும் ஒரே தட்டுல வச்சா ஒங்க கடைத் தராசே சிரிக்குமுங்க."

வாதத்தில் அப்பா ஜெயித்தார். மனுவின் கடைசி வரியில் மாட்டிக்கொண்டோம்: இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்களுக்கு அது இல்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு ஆண்டுக்கணக்காகியும் கூப்பிடாதவர்கள் அந்த மாதம்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

இந்த நாட்டிலேயே தொடர்ந்து இருந்ததை நாங்கள் காட்ட வேண்டும். பதினேழு வருஷத்துக்கு முந்தி எங்கே இருந்தாய் என்று அதிகாரி அம்மாவைக் கேட்டார். எங்கள் ஆட்களுக்கு வருஷக் கணக்கே கவ்வாத்துதான். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையிலும் தேயிலையை வெட்டிவிடுவார்கள். அம்மா யோசிக்கவேயில்லை.

"ஏழாம் நம்பர் மலையில கவ்வாத்து நடந்துச்சு. நாங்க ஒம்பதாம் நம்பர்ல கொழுந்து எடுத்தோமுங்க. இவ கைப்புள்ள."

ஆள் பெயர் எழுதும் செக்ரோலைக் கறையான் தின்றிருந்தது. கவ்வாத்துப் புத்தகம் பிழைத்திருந்தது. அதிகாரி வரவழைத்துப் பார்த்தார். அம்மா சொன்னது இம்மி பிசகவில்லை.

"தேயிலை இருந்ததற்கு அத்தாட்சி இருக்கிறது. நீங்கள் இருந்ததற்கு?"

"அப்ப அந்தச் செடிக்கே பிரஜாவுரிமை குடுத்துருங்கய்யா. பயிற்சிக்கு அனுப்பி வைக்கிறோம்" என்றார் அப்பா. அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மனுவை ஒத்திவைத்தார்.

முதலாளி மகன் பொதுப் பட்டியலில் தேறிப் போனான். எங்கள் இரண்டு இடங்களும் காலியாகவே கிடந்தன. மனுப் போட்ட மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதே கடைசி வரிதான் குறுக்கே நின்றது.

மறு வருஷம் கல்வி இலாகாக் கந்தோருக்கே நேரில் போய்க் கேட்டேன். ஒதுக்கீட்டை எடுத்துவிட்டார்களாம். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் நல்ல மனுஷன், இரக்கத்தோடுதான் சொன்னார்.

"ஒதுக்கித்தான் வைச்சனாங்கள், பிள்ளை. தோட்டத்திலயிருந்து ஒருத்தரும் வரேல்லையே."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேசைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.