இடது கண்

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விழுந்ததும் எழும் சீறலும் மூக்கை எரிக்கும் ஆவியுமாகத்தான் எங்கள் வளவுக்குள் பெருநாள் நுழையும். வாவிக்கரைச் சூளையில் சிப்பி சுட்டு எடுத்த சுண்ணாம்பை வாப்பா சாக்கில் கொண்டுவந்து, தகரப் பீப்பாவில் நீற்றி, ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, வீட்டுக்கு வெள்ளை அடிப்பார். அப்படியொரு பெருநாளுக்கு முந்திய வாரத்தில், எட்டு வயதில், நான் றிஸானாவின் இடது கண்ணில் சுண்ணாம்பை எறிந்தேன்.

ஓட்டமாவடியில் எங்களுக்கு அடுத்த வீட்டு வளவு அவளுடையது. இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த தென்னோலைக் கிடுகு வேலியில் நாங்களே பிய்த்து வைத்து, "பொட்டு" என்று சொல்லும் ஓட்டை ஒன்று இருந்தது. அதற்குள்ளால் ஒரு நாளைக்கு இருபது தடவை குனிந்து போய்வருவோம். அன்று அவள் தன் புதுச் சட்டையைக் காட்டிவிட்டு, என்னுடையதைப் பார்த்து, "இது ஒன்ட ராத்தாட பழஞ்சட்டையக் குறைச்சுத் தைச்சது" என்று சிரித்தாள். உண்மைதான், அக்காவுடையதுதான். அதனாலேயே தாங்க முடியவில்லை. பீப்பாவில் கைவிட்டு அள்ளி வீசினேன்.

அவள் போட்ட கூச்சலில் அவளுடைய வாப்பா வேலியை உடைத்துக்கொண்டே ஓடிவந்தார். கிணற்றடியில் அவளைக் கிடத்தி, இமையை விரலால் பிளந்து பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ போனது. என் உம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, "என்னகா நடந்த?" என்று கேட்டா. "அவதான் பீப்பாக்குள்ள கைய விட்டுக் கண்ணக் கசக்கின" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். என் வெந்த விரல்களை நான் பாவாடைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

றிஸானா திரும்பி வரவில்லை. கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள், அவளுடைய வாப்பாவுக்குக் குருநாகலில் கடை வேலை கிடைத்தது, குடும்பமே போய்விட்டது. தெருவில் யாரோ, "அந்தப் புள்ளைக்கு ஒரு கண் போயிட்டாம்" என்றார்கள். அன்றிலிருந்து யாரும் இல்லாத நேரத்தில் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்ப்பேன். கதவு நிலையில் தோள் இடிக்கும். இப்படித்தானே அவளுக்கும் இடிக்கும் என்று நினைப்பேன். வளர்ந்து, கம்பஸில் பட்டப்படிப்பு முடித்து, மேற்படிப்புக்கு மலேசியா வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இந்த வருடம் ஒரு நாள், இங்கே பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒழுச் செய்யப் போனேன். குழாயடியில் ஒருத்தி போனில், "ஓம் உம்மா, திண்டுட்டன். மறுகா எடுக்கன்" என்றாள். "பிறகு" என்பதற்கு எங்கள் ஊரார் சொல்லும் அந்த "மறுகா"வை ஊரைவிட்டு வந்தபின் நேரில் நான் கேட்டதில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். "இருக்கிறது குருநாகல். பிறந்தது ஓட்டமாவடி" என்று சொல்லித் திரும்பினாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணைத்தான் பார்த்தேன். இரண்டும் என்னைப் பார்த்தன.

"சுமையா!" என்று அவள்தான் முதலில் கத்தினாள். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒன்ட கண்..."

"அதுக்கென்ன? மூணு மாசம் மருந்து விட்ட. வாப்பா அவ்வளவு தண்ணி ஊத்தினதாலதான் தப்பின எண்டு டொக்டர் சொன்ன."

"றிஸா, நான்தான் எறிஞ்ச."

"எனக்குத் தெரியாதா? எனக்கு நேரதானே நிண்டு எறிஞ்ச நீ."

"மறுகா ஏன் நீ சொல்லல்ல?"

"சொல்லத்தான் செஞ்ச. ஆரு நம்பின? ஒன்ட கதையத்தான் நம்பின. ஆஸ்பத்திரியிலயும் வாப்பா எனக்குத்தான் ஏசின." அதுவரை இருந்த சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. "சுண்ணாம்புக்கு எனக்குக் கோபமில்லகா. அந்தப் பொய்க்குத்தான். இப்ப என்ட உம்மாக்கிட்டச் சொல்லு."

அங்கேயே அவளுடைய உம்மாவுக்குப் போன் போட்டு என் கையில் தந்தாள். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன்.  மறுமுனையில் அவளுடைய உம்மா, "என்ட புள்ள உண்மையச் சொல்லியிருக்கு, நாங்க அவக்கு ஏசியிருக்கம்" என்றா.  "நீயும் சின்னப் புள்ளதானே மகள். அல்ஹம்துலில்லாஹ், கண் தப்பின. அவளிட்டக் குடு போன, நான் மன்னிப்புக் கேக்கணும்."

றிஸானா போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு மூச்சை முழுதாக இழுத்து விட்டேன்.

இப்போது ஓட்டமாவடியில் அந்தக் கிடுகு வேலி இல்லை. ஆள் உயர மதில் நிற்கிறது. அவர்கள் வீடு இருந்த இடத்தில் இரண்டு மாடிக் கடை. போனில் அந்த இடத்தின் படத்தைக் காட்டியபோது, "மறுகா நான் வந்தா எங்க தங்கிற?" என்று றிஸானா கேட்டாள். அதை ஊரிலிருக்கும் என் உம்மாவிடம் சொன்னேன். உம்மா கட்டிலைச் சுவரோரம் தள்ளி, இன்னொரு பாய்க்கு இடம் பார்த்துவிட்டாவாம். விடுமுறைக்கு இரண்டு பேரும் ஒரே விமானத்தில் போகிறோம்.