நெய்வேலியில் பனிப்பொழிவு

"புளூடூத்த ஆன் பண்ணுங்க" என்று செவ்வந்தி பேருந்தின் கடைசி இருக்கையைப் பார்த்துச் சொல்கிறாள். காலைக் கூட்டம். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் கைப்பேசி. அப்படியானால் கம்பியை எந்தக் கையால் பிடித்திருக்கிறாள் என்று கேட்கக் கூடாது. அவள் பிடிக்கவில்லை, கூட்டம்தான் அவளைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

கடைசி இருக்கைப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்பைப் பார்க்கிறார்கள். தினமும் பார்க்கிற தோப்புதான், ஆனால் செவ்வந்தி ஏறிய பிறகு அதன் மேல் தனி அக்கறை வந்துவிடுகிறது. ஒருவன் மட்டும் இரக்கப்பட்டு, "சார்ஜ் இல்ல மேடம்" என்கிறான். அவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

"பாட்டுக்கு இருக்கிற சார்ஜு புள்ளியியலுக்கு இல்லியா? சும்மாதாண்டா குடுக்கறன். வாங்கிக்க, புடிக்கலன்னா அழிச்சிடு."

சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் நிற்கிற பெரியவர் கூடக் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறார். செவ்வந்தி இதற்கெல்லாம் பழகியவள். "காசு கேட்டா ஜனம் பேரமாவது பேசுது. சும்மா குடுத்தா பர்ஸ கெட்டியா புடிச்சிக்குது" என்று இறங்குகிற வரைக்கும் தன்னையே கிண்டல் செய்துகொண்டு போவாள்.

அவள் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பேரில் இருக்கிறது, வேலை ஜூன் மாதத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கல்லூரியின் பெயரை இங்கே சொல்லாமல் விடுவதற்கும் அந்த ஜூன்தான் காரணம். கணவன் இளம்பரிதிக்குச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன் வேலை, அதுவும் காண்ட்ராக்ட். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் இவர்களுக்குக் கிடையாது என்பதால் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. "எங்கூட்ல ரெண்டு பேருமே காண்ட்ராக்ட்டு. பர்மனென்ட்டுன்னு பாத்தா மொட்ட மாடில படியற கரித்தூளு ஒண்ணுதான்" என்பாள்.

வகுப்பில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடம் ஒன்றை முடித்ததும் "புரியாதவங்க கை தூக்குங்க" என்பாள். அறுபது பேர் இருக்கிற வகுப்பில் ஒரு கை கூட எழும்பாது. புரியாததைவிட, புரியவில்லை என்று நாலு பேர் முன்னால் தெரிவதுதான் பெரிய அவமானம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே தன் வலது கையைத் தூக்குவாள். "எனக்கும் சரியா புரியலப்பா. வாங்க, இன்னொருவாட்டி போட்டுப் பாக்கலாம்." பிள்ளைகள் சிரிப்பார்கள், அதற்குப் பிறகுதான் பின் வரிசையில் ஒன்றிரண்டு கைகள் பாதி உயரத்துக்கு வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் நடந்த ஒரு பயிலரங்குக்குப் போனாள். திறந்த கல்வி வளங்கள் என்று தலைப்பு. மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் போனாள். திரும்பி வரும்போது ஆளே மாறியிருந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இளம்பரிதியிடம் ஆரம்பித்துவிட்டாள்.

"யார் வேணா எடுத்துக்கலாம், காப்பி எடுக்கலாம், மாத்தி எழுதலாம், வித்துக்கக் கூட செய்யலாம். எழுதினவங்க பேர மட்டும் போட்டுடணும்."

"அப்ப எழுதினவங்களுக்கு இன்னா கெடைக்கும்?"

"பேரு."

"அதான் உனுக்கு ஏற்கெனவே வச்சிருக்காங்களே" என்று சொல்லிவிட்டு அவன் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பினான்.

அவள் வகுப்புப் பிள்ளைகள் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். அவள் நடத்துகிற புள்ளியியல் தாளுக்குத் தமிழில் ஒழுங்கான புத்தகம் இல்லை. ஆங்கிலப் புத்தகத்தின் விலைக்கு ஒரு பிள்ளை மாசம் முழுக்கப் பேருந்தில் போய்வரலாம். அதனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர் இணையத்தில் போட்டிருந்த புத்தகம் ஒன்றை எடுத்து, இரண்டு கோடை விடுமுறையில் தமிழாக்கினாள். வெறுமனே மொழிபெயர்க்கவில்லை. அவர்களுடைய பேஸ்பால் ஆட்டத்தைத் தூக்கிவிட்டுப் பண்ருட்டிப் பலாப்பழத்தின் எடையைப் போட்டாள். ரயில் பெட்டிச் சரக்குக்குப் பதிலாக நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு லாரி வந்தது. மற்ற இடங்களில் ஊர்ப் பெயரைக் கணினியிடம் ஒப்படைத்தாள். புத்தகம் முழுக்க வந்த ஒரு அமெரிக்க ஊரின் பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நெய்வேலி என்று மாற்றச் சொல்லி ஒரே தட்டில் வேலையை முடித்துவிட்டு, அன்றைக்குத் தனக்குத் தானே ஒரு டீ போட்டுக் குடித்தாள்.

படம் வரைய அவளுக்குக் கணினி வசப்படவில்லை. வளைகோடுகளைப் பேனாவால் வரைந்து, போட்டோ எடுத்து ஒட்டினாள். முன்னுரை மட்டும் நன்றாக வசப்பட்டது. அறிவு பொதுச் சொத்து என்பது பற்றி ஒன்பது பக்கம் எழுதினாள். முதல் பாடமே ஏழு பக்கம்தான். அந்த ஒன்பது பக்கத்தின் கடைசியில், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற அனுமதியும் அவளுடைய பெயரும் இருந்தன.

இணையத்தில் போட்ட பிறகு எத்தனை பேர் இறக்கினார்கள் என்று தினமும் பார்ப்பாள். எண்ணிக்கை பதினொன்றில் நின்றது. "அதுல ஒம்போது நானு" என்று அவளே சொல்லுவாள். "மீதி ரெண்டும் நான்தான்னு நெனைக்கிறன், காலேஜ் கம்ப்யூட்டர்லேர்ந்து." அப்படித்தான் பேருந்துப் பிரச்சாரம் தொடங்கியது.

இந்தப் பிப்ரவரியில் எழில்மதி என்ற இரண்டாம் ஆண்டு மாணவி ஒரு புத்தகத்தோடு துறைக்கு வந்தாள். வளையமாதேவியிலிருந்து வருகிற பெண், வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். கையில் மஞ்சள் அட்டை போட்ட, சுருள்கம்பி கோத்த ஜெராக்ஸ் புத்தகம்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நடத்தறது கொஞ்சம் வேகமா போவுது. இதுல பொறுமையா போட்டிருக்காங்க. எங்க கிளாஸ்ல எல்லார் கிட்டயும் இருக்குது. நீங்களும் இத வச்சி நடத்தினா நல்லா இருக்கும்."

செவ்வந்தி புத்தகத்தைப் பிரித்தாள். பலாப்பழம் இருந்தது. கரும்பு லாரி இருந்தது. பேனாவால் வரைந்த வளைகோடு, அவள் கை நடுங்கிய இடத்தில் அதுவும் நடுங்கியபடி இருந்தது.

"ஆமாம்மா, நல்லாதான் எழுதியிருக்காங்க" என்றாள். முதல் பக்கத்துக்குத் திருப்பிப் பார்த்தாள், அவள் பேர் இல்லை.

சாயங்காலம் கல்லூரி வாசலில் இருக்கிற தனகோட்டியின் ஜெராக்ஸ் கடைக்குச் சண்டை போடத்தான் போனாள். பேரை மட்டும் போடணும் என்று ஊர் ஊராகப் பேசியவளுடைய பேரையே எடுத்துவிட்டார்களே என்று நெஞ்சு கொதித்தது. பொதுச் சொத்து பற்றி ஒன்பது பக்கம் எழுதியவளுக்கு இவ்வளவு கொதிப்பு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"அக்கா, இந்தப் புக்குல முன்னாடி ஒம்போது பக்கம் இருந்துச்சே?"

தனகோட்டி எந்திரத்திலிருந்து தாளை எடுத்துத் தட்டி அடுக்கியபடியே பதில் சொன்னாள். "இருந்துச்சி மேடம். எந்தப் புக்கா இருந்தாலும் நாங்க கணக்கு ஆரம்பிக்கிற பக்கத்துலேர்ந்துதான் போடறது. முன்னுரையும் சேத்தா புள்ளைங்களுக்கு வெல ஏறிடும். அத்த எவன் படிக்கிறான்?"

"எழுதினவங்க பேரு அதுலதான் இருந்துச்சி."

"அப்பிடிங்களா? எதோ ஒரு பையன் மெமரி கார்டுல கொண்டாந்தான், பஸ்ல யாரோ குடுத்தாங்கன்னு. எழுதினது எந்த மகராசனோ தெரியல, போட்டு மாளல மேடம். உங்களுக்கு ஒண்ணு வேணுங்களா?"

நான்தான் அந்த மகராசன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்த வாரம்தான் கல்லூரி முதல்வர் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். ஆசிரியர்கள் தங்கள் நோட்ஸை வெளிக் கடையில் கொடுத்து விற்கக் கூடாது, விற்கிற கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த ஆண்டு வேலை கிடையாது. செவ்வந்தி ஒரு பைசா வாங்கவில்லை. "வாங்கலன்னு சொன்னா எவன் நம்புவான்? எங்கூட்டுக்காரரே நம்பல" என்று பிறகு சொன்னாள். ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினாள். தன் புத்தகத்தைத் தானே விலை கொடுத்து வாங்கிய கெட்டிக்காரி என்று வழி முழுக்க உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது.

நல்லவேளையாக உட்கார இடம் கிடைத்தது. எழுதியவளாக இல்லாமல் படிக்கிறவளாக முதல் தடவை பக்கங்களைப் புரட்டினாள். பரவாயில்லையே என்று தோன்றியது. மூன்றாம் பாடத்தின் பயிற்சிக்கு வந்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பயிற்சியில் இப்படி இருந்தது: நெய்வேலியில் கடந்த பத்து ஆண்டுகளில் ஜனவரி மாதம் பெய்த பனிப்பொழிவின் அளவு அங்குலத்தில் கொடுக்கப்பட்டுள்ளது, சராசரியைக் காண்க. ஒரே தட்டில் ஊரை மாற்றியவள், அந்த ஊரின் வானிலையை அப்படியே விட்டிருந்தாள். மழை நாட்களில் கூட வேர்க்கிற ஊரில் ஒன்பது அங்குலம் பனி.

வீட்டுக்குப் போனதும் இணையத்தில் இருந்த பிரதியில் பனியை மழையாக்கினாள். அதை யாரும் இறக்கவில்லை. மஞ்சள் புத்தகத்தில் பனி தொடர்ந்து பெய்தது.

போன வெள்ளிக்கிழமை துறைக் கூட்டம். செவ்வந்தி உள்ளே நுழைந்தபோது துறைத் தலைவர் சக்கரபாணியின் மேசையில் அந்த மஞ்சள் புத்தகம் இருந்தது. ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கியிருக்கிற மனிதர், கோபப்படுவதைக் கூட நிதானமாகத்தான் செய்வார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பயிற்சியை வாசித்தார்.

"நெய்வேலியில பனிப்பொழிவாம். நான் பொறந்ததிலேருந்து இந்த ஊர்ல சாம்பல் பெய்யறதத்தான் பாத்திருக்கேன். இன்டர்னல் டெஸ்ட்ல பாதி கிளாஸ் இதையே எடுத்துக்காட்டா எழுதியிருக்கு. சராசரிய சரியா கண்டுபிடிச்சிருக்காங்க. அதான் வேதனை."

எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தியும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

"பனிய விட்டுப் பாத்தா நல்ல புக்கு" என்றார் சக்கரபாணி. "பலாப்பழத்த வச்சி திட்டவிலக்கம் சொல்லியிருக்கான் பாருங்க. முப்பது வருஷமா நடத்தறேன், எனக்கு இப்படித் தோணல. ஆனா ஊரு பேரு தெரியாத புக்க கிளாஸ்குள்ள விட முடியாது. நாளைக்கு ஒண்ணுன்னா யார கேக்கிறது? எழுதினது யாருன்னு தெரிஞ்சா ரெஃபரன்ஸ்ல சேக்கலாம், தப்பையும் திருத்தச் சொல்லலாம். தெரியலன்னா இன்னிக்கே கடையில நிறுத்திடச் சொல்லி பசங்ககிட்ட இருக்கிறதையும் வாங்கிடணும். நம்ம ஆளுங்க யாராச்சும் குடுத்திருந்தா, சர்க்குலர் ஞாபகம் இருக்கில்ல?"

அடுத்த மாதம் செமஸ்டர் தேர்வு. இந்தத் தாளுக்குத் தமிழில் வேறு புத்தகம் இல்லை. எழில்மதி அதற்குப் பிறகு அந்த மஞ்சள் அட்டைக்கு மேலே செய்தித்தாள் உறை போட்டு வைத்திருந்ததை செவ்வந்தி நினைத்துக்கொண்டாள். ஜூனையும் நினைத்துக்கொண்டாள். இளம்பரிதியின் காண்ட்ராக்டும் அதே ஜூனில்தான் முடிகிறது. இதற்கெல்லாம் மேலே, சொல்லவே கூச்சமாக இருக்கிற இன்னொன்றும் இருந்தது. பேர் வேண்டும் வேண்டும் என்று கிடந்தாளே, இப்போது பேரைச் சொன்னால் அந்தப் பேரோடு ஒன்பது அங்குலம் பனியும் சேர்ந்து வரும். ஓய்வு பெறுகிற வரைக்கும் அவளைப் பனிப்பொழிவு மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள், ஓய்வு பெறுகிற அளவுக்கு வேலை இருந்தால்.

"யாரு எழுதினதுன்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று சக்கரபாணி கேட்டார்.

ஒருவர் டீ டம்ளருக்குள் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். கடைசி இருக்கைப் பிள்ளைகள் முந்திரித் தோப்பைப் பார்ப்பது செவ்வந்திக்கு நினைவு வந்தது. சக்கரபாணி கண்ணாடியை இறக்கிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார்.

செவ்வந்தியின் வலது கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. அதை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, கையைத் தூக்கினாள்.